எலும்பு தேய்வதில்லை

இந்தப் பத்தியில் வழமையாகப் பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை அம்மாவைப் பற்றி. உங்களில் பலருக்கும் என்னுடைய நிலைமைதான் இருக்கும்: கலண்டரில் ஒரு நாளில் மகளின் நீச்சல் வகுப்பு, அடுத்த நாளில் அம்மாவின் இரத்தப் பரிசோதனை. அந்தக் கலண்டரில் நான் போடாமல் விட்ட ஒரு திகதியால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முதல் கொஞ்சம் விஞ்ஞானம் தேவைப்படும். நான் டொக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆனால் அம்மாவுக்கு நடந்ததை விளங்கிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேலாக வாசித்தேன். வாசித்ததை அவருடைய வைத்தியரிடம் நச்சரித்துக் கேட்டும் இருக்கிறேன்.

முதலில், தேய்மானம் என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

"எலும்பெல்லாம் தேஞ்சு போச்சுதாம் தம்பி. வயசு போகுது தானே, என்ன செய்யிறது." மணிக்கட்டில் மாவுக்கட்டோடு அம்மா தொலைபேசியில் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கடை வாசலில் கால் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தார், அவ்வளவுதான். 57 வயது. நானும் அப்போது அப்படியே நம்பினேன். தேய்மானம் என்றால் செருப்புத் தேய்வது, அம்மி தேய்வது. பாவிக்கப் பாவிக்கக் குறையும். அதில் யாருக்கும் குற்றமில்லை, செய்யவும் ஒன்றுமில்லை. போதாததற்கு இந்த ஒரே சொல் இரண்டு வேறு நோய்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு கெடுவதும் எங்களுக்குத் தேய்மானம், எலும்பின் உட்பக்கம் ஐதாகி ரொட்டிபோலப் பொருபொருத்துப் போவதும் தேய்மானம். அம்மாவுக்கு வந்தது இரண்டாவது. அது தேய்ந்து வருவதே இல்லை. எலும்பை யாரோ கரைக்கிறார்கள். கரைக்கச் சொல்லி ஒரு செய்தி போகிறது.

எலும்பு செத்த சாமான் இல்லை. வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 10 வீதம் ஒவ்வொரு வருடமும் கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைப்பதற்கென்று ஒரு வகைச் செல். ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பெயர். கட்டுவதற்கென்று இன்னொன்று, ஆஸ்டியோபிளாஸ்ட். (அப்பா படித்த யாழ்ப்பாணத்துப் பாடப்புத்தகத்தில் செல்லுக்குக் 'கலம்' என்று பெயர். அழகான சொல். ஆனால் என் மகளுக்குச் செல் என்றால்தான் விளங்குகிறது, ஆகவே இங்கே செல்.) கரைப்பவர் எலும்பின் மேல் அட்டைபோல ஒட்டி, அடியில் அமிலத்தையும் என்சைமையும் சுரந்து ஒரு குழி தோண்டுவார். அதற்கு இரண்டு மூன்று கிழமை போதும். அந்தக் குழியை நிரப்பக் கட்டுபவருக்கு மூன்று நான்கு மாதம் பிடிக்கும். இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள். கரைப்பவர்கள் கொஞ்சம் கூடினாலே கட்டுபவர்களால் ஈடு கொடுக்கமுடியாது.

கரைப்பவருக்கு யார் உத்தரவு கொடுப்பது? இதற்கான பதிலின் முதல் பாதி நான் இருக்கும் மெல்பேர்ணிலிருந்தே வந்தது என்பது எனக்குத் தெரியாது. 1981இல் இங்கே ஹைடல்பேர்க்கில் வேலை செய்துகொண்டிருந்த ஜோன் மார்ட்டின், அமெரிக்காவிலிருந்த கிடியோன் ரோடானோடு சேர்ந்து ஒரு கருத்தை எழுதினார். எலும்பைக் கரைக்கத் தூண்டும் ஹோர்மோன்கள், கரைக்கும் செல்லிடம் நேராகப் போவதாகத் தெரியவில்லை. அவை கட்டும் செல்லிடம்தான் போகின்றன. ஆகவே கட்டும் செல்தான் கரைக்கும் செல்லுக்கு ஏதோ செய்தி அனுப்பவேண்டும் என்றார்கள். மேசன்தான் உடைக்கிறவனுக்கு உத்தரவு கொடுக்கிறான் என்ற மாதிரி. யோசித்தால் நியாயம்தான், எதை உடைக்கவேண்டும் என்று கட்டுகிறவனுக்குத் தானே தெரியும். ஆனால் அந்தச் செய்தி எது என்று அப்போது கையில் ஒன்றும் இல்லை. மார்ட்டின் பிறகு பிட்ஸ்ரோயில் உள்ள செயின்ட் வின்சன்ட்ஸ் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அந்த நிறுவனத்தைத் தாண்டி நான் எத்தனையோ முறை டிராமில் போயிருக்கிறேன்.

1988இல் டோக்கியோவின் ஷோவா பல்கலைக்கழகத்தில் தகாஹாஷி, சூடா குழுவினர் இன்னொரு துப்பைப் பிடித்தார்கள். கட்டும் செல்களையும் எலியின் மண்ணீரல் செல்களையும் ஒரே தட்டில் வளர்த்தால் கரைக்கும் செல்கள் உருவாகின. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடவேண்டும். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு இருந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. தபாலில் போகாத கடிதம், கையில்தான் கொடுக்கவேண்டும்.

கடிதம் அகப்பட்டது 1998இல். சுவையான விஷயம் என்னவென்றால், அதற்கு ஒரு வருடம் முதலே அந்தக் கடிதத்தைத் தடுக்கும் பொருள் அகப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் ஆம்ஜென் நிறுவனத்தில் ஒரு புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கும் எலிகளை எக்ஸ்ரே எடுத்தபோது எலும்புகள் வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரிந்தன. அதே புரதத்தை ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் என்ற பால் கொம்பனியின் ஆய்வாளர்களும் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்று பெயர் வைத்தார்கள். எலும்பைக் காப்பது என்று பொருள். அது எதைப் பிடித்துவைக்கிறது என்று தேடிப்போனபோதுதான் 1998இல் கடிதம் வெளியே வந்தது. அதன் பெயர் ராங்க்-லிகண்ட். கரைக்கும் செல்லாக மாறப்போகும் இளஞ்செல்லின் மேல் ராங்க் என்ற வாங்கி இருக்கும். கட்டும் செல் நீட்டும் ராங்க்-லிகண்ட் அதில் போய்ப் பொருந்தினால், உள்ளே ஒன்றிலிருந்து ஒன்றாகச் செய்தி கைமாறிக் கருவுக்குள் போய், 'நீ இனிக் கரைக்கும் செல்' என்ற கட்டளை எழுதப்படும். ஆஸ்டியோபுரோட்டெஜெரின், அந்த வாங்கியைப்போலவே வடிவமுள்ள போலி. தெருவில் வீடில்லாமல் நிற்கும் ஒரு தபால்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் விழும் கடிதம் யாருக்கும் போகாது. உடம்பு இந்த இரண்டையும் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துத்தான் எலும்பைச் சமநிலையில் வைத்திருக்கிறது.

சரி, அம்மாவுக்கு வந்தது வாதம் தானே, எலும்பு எங்கே வந்தது?

அம்மாவுக்கு 54 வயதில் முடக்குவாதம் வந்தது. காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு விரல்கள் மடங்காது, இடியப்ப உரலைப் பிழிய முடியாது. நிறைய வேலை செய்த கைதானே என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம். உண்மையில் அவருடைய நோயெதிர்ப்புச் செல்களே அவருடைய மூட்டுச் சவ்வைத் தாக்கிக்கொண்டிருந்தன. அழற்சி என்று நாம் சொல்வது இதைத்தான். வெளியே தெரிவது வீக்கம், சூடு, நோ. உள்ளே நடப்பது செய்திப் பரிமாற்றம், இடைவிடாமல்.

1999இல் டொரொன்டோவில் யோசப் பெனிங்கரின் குழு வெளியிட்ட ஆய்வுதான் என் கண்ணைத் திறந்தது. தூண்டப்பட்ட டி-செல்கள், அதாவது கிருமியோடு சண்டைபோடுகிற செல்கள், தாங்களும் ராங்க்-லிகண்ட் கடிதத்தை எழுதுகின்றன. எலும்போடு எந்த வேலையும் இல்லாதவர்கள் என்று நாம் நினைத்தவர்களிடம் எலும்பை உடைக்கச் சொல்லும் கடிதத்தாள் இருக்கிறது. மூட்டு அழற்சி வந்த எலிகளுக்கு அந்தக் குழு ஆஸ்டியோபுரோட்டெஜெரினைக் கொடுத்துப் பார்த்தது. வீக்கம் அப்படியே இருந்தது. ஆனால் எலும்பு அரிக்கப்படவில்லை. எனக்கு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வாசிப்பை நிறுத்தத் தோன்றியது. அழற்சியும் எலும்பு இழப்பும் ஒன்றல்ல. நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியை மட்டும் தனியாக வெட்டலாம்.

டி-செல் மட்டும் இல்லை. அழற்சி வந்த மூட்டின் சவ்வில் உள்ள செல்களே ஏராளமாக இந்தக் கடிதத்தை எழுதுகின்றன. டி.என்.எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-17 என்ற அழற்சிச் செய்திகள் எழுது எழுது என்று அவற்றை விரட்டுகின்றன. டி.என்.எஃப் இன்னொரு கெடுதியும் செய்கிறது: கட்டும் செல்லுக்குப் பிரேக் போடும் ஒரு புரதத்தைக் கூட்டிவிடுகிறது. ஒரு பக்கம் உடைப்பவர் கூட, மறுபக்கம் மேசன் லீவில். அதுவும் வீங்கிய விரல் மூட்டோடு நிற்காது. இந்தச் செய்திகள் இரத்தத்தில் ஓடி முதுகெலும்பு, இடுப்பு என்று முழு எலும்புக்கூட்டுக்கும் போகும். அம்மாவின் வாதம் விரலில், முறிந்தது மணிக்கட்டு, பிறகு இடிந்தது முதுகு. மூன்றுக்கும் ஒரே கணக்கு.

டி.என்.எஃப்பை மறித்தால் முடக்குவாதம் அடங்கும் என்று காட்டிய இருவரில் ஒருவரான மார்க் ஃபெல்ட்மன் மெல்பேர்ணில் வளர்ந்தவர், இங்கே பார்க்வில்லில் உள்ள வோல்டர் அன்ட் எலைசா ஹோல் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். மற்றவர் ரவீந்தர் மைனி, பஞ்சாபின் லூதியானாவில் பிறந்தவர். 1992இல் லண்டனில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். அம்மாவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை, மெதொட்ரெக்சேட் குளிசையே வாதத்தைப் பிடித்துவைத்தது.

ஆனால் அது வேலைசெய்யத் தொடங்குமட்டும் பிரெட்னிசலோன் கொடுத்தார்கள். ஸ்டீரொய்ட். உங்கள் வீட்டிலும் யாராவது எடுத்திருப்பார்கள். இரண்டு நாளில் விரல் மடங்கியது, அம்மா அந்தக் குளிசையைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. அதற்கு மறுமுகம் ஒன்று உண்டு. அழற்சியை அடக்கும் அதே மருந்து, எலும்புக்குள் ராங்க்-லிகண்டைக் கூட்டி, போலித் தபால்பெட்டியைக் குறைத்து, கட்டும் செல்களைச் சாகவும் வைக்கிறது. மோசமான இழப்பு நடப்பது முதல் சில மாதங்களிலேயே. இதை வாசித்துவிட்டு யாரும் அம்மா அப்பாவின் ஸ்டீரொய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய ஆபத்து. 'இதை எடுக்கும்போது எலும்புக்கு என்ன செய்கிறோம்?' என்று வைத்தியரிடம் கேட்டால் போதும். நாங்கள் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து மணிக்கட்டு முறிந்தபிறகுதான் எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்தது.

அதன்பிறகு வந்தது அந்த ஊசி. டெனோசுமாப். 2010இல் புரோலியா என்ற பெயரில் வந்தது. பெட்டியில் இப்போது வேறு பெயரும் இருக்கலாம், சின்ன எழுத்தில் டெனோசுமாப் என்று போட்டிருக்கும். 6 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் 60 மில்லிகிராம். அது செய்வது நான் மேலே சொன்ன போலித் தபால்பெட்டியின் வேலையைத்தான்: ராங்க்-லிகண்டைப் போகும் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். 7,868 பெண்களை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு வெறும் ஊசி போட்டவர்களில் 7.2 வீதம், மருந்து போட்டவர்களில் 2.3 வீதம். நல்ல மருந்து. இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதைப் பார்த்து யாரும் இதைக் கெட்ட மருந்து என்று நினைக்கக்கூடாது. நாலு வருடம், எட்டு ஊசி, அம்மாவின் ஸ்கான் ஒவ்வொரு முறையும் முன்னையதைவிட நல்லாக வந்தது.

அதனால்தான் எங்களுக்குப் பயம் விட்டுப்போனது.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணம் போனார்கள். ஜூனில் போய், நல்லூர்த் திருவிழா முடித்து, செப்டெம்பர் நடுப்பகுதியில் வருவதாக ஏற்பாடு. ஊசித் திகதி ஓகஸ்ட் முதல் கிழமை. நான் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். "அது வந்தாப் பிறகு போடுவம் தம்பி. ஒரு மாசம் பிந்தினா என்ன, இவ்வளவு நாளும் போட்டது உள்ளுக்க இருக்கும் தானே" என்றார் அம்மா. எனக்கும் அது சரியாகவே பட்டது. செப்டெம்பரில் சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். டிக்கட்டை டிசெம்பருக்கு மாற்றினோம். மருத்துவ நிலையத்திலிருந்து ஊசிக்கு வரச்சொல்லி வந்த நினைவூட்டல் செய்தி அம்மாவின் இங்கத்தைய சிம் கார்டுக்குப் போனது. அந்த சிம் எங்கள் குசினி லாச்சிக்குள், ரப்பர் பாண்ட் சுற்றிய பழைய பாஸ்போட்டோடு கிடந்தது.

நவம்பரில் அம்மாவுக்கு நாரி நோ தொடங்கியது. கலியாண வீட்டில் பலகாரம் சுட்டு நின்றது, ஊர்க் கட்டில் சரியில்லை, ஓட்டோ குலுக்கியது என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னோம். எண்ணெய் தேய்த்தார்கள். டிசெம்பரில் விமான நிலையத்தில் தள்ளுநாற்காலியில் வந்தார். ஜனவரியில் எக்ஸ்ரே. முதுகெலும்பில் இரண்டு முள்ளெலும்புகள் இடிந்து ஆப்புபோலச் சரிந்திருந்தன. எம்.ஆர்.ஐ.யில் மூன்றாவதும் தெரிந்தது. விழவில்லை, அடிபடவில்லை. சும்மா நின்று பலகாரம் சுட்ட மனுசி.

"இவ்வளவு நாளும் போட்டது உள்ளுக்க இருக்கும் தானே." இந்த வசனத்தில்தான் முழுப் பிழையும் இருக்கிறது. எலும்புக்குக் கொடுக்கும் வேறு குளிசைகள் இருக்கின்றன, அலெண்ட்ரோனேட் மாதிரி; அவை எலும்பிலேயே படிந்து வருடக் கணக்கில் தங்கும். ஒரு மாதம் பிந்தினால் பெரிதாக ஒன்றுமில்லை. டெனோசுமாப் அப்படித் தங்காது. அது இரத்தத்தில் சுற்றிக் கடிதங்களைப் பிடிக்கும் ஒரு எதிர்ப்புப் புரதம். ஆறு மாதத்தில் முடிந்துபோகும். கடிதம் எழுதுவதை அது ஒருநாளும் நிறுத்தியதில்லை.

சரி, மருந்து முடிந்தால் பழைய நிலைக்குத்தானே போகவேண்டும், அதைவிட மோசமாக ஏன் போகிறது? இதற்கு ஒரு விடை 2021இல் சிட்னியிலிருந்து வந்தது. டார்லிங்ஹேர்ஸ்ட்டில் உள்ள கார்வன் நிறுவனத்தில் மிஷெல் மெக்டொனால்டும் ட்ரி ஃபானும் அவர்கள் குழுவினரும், உயிரோடிருக்கும் எலியின் எலும்புக்குள்ளேயே நுண்ணோக்கியை வைத்துக் கரைக்கும் செல்களை நேரடியாகப் படம்பிடித்தார்கள். வேலை முடிந்ததும் அந்தச் செல் செத்துப்போகும் என்றுதான் அதுவரை பாடம். அவர்கள் பார்த்தது வேறு. அந்தப் பெரிய செல் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிந்தது. பிரிந்தவை ஓடித்திரிந்து, பிறகு ஒன்றுகூடித் திரும்பவும் பெரிய கரைக்கும் செல்லாகின. பிரிந்து நிற்கும் அந்தச் செல்களுக்கு ஆஸ்டியோமோர்ஃப் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ராங்க்-லிகண்டை மறித்தபோது இந்த ஆஸ்டியோமோர்ஃப்கள் குவிந்துகொண்டே போயின. மறிப்பு நீங்கியதும் அவ்வளவு பேரும் சேர்ந்து வேலைக்கு இறங்கினால் என்னாகும்? டெனோசுமாப் நின்றபின் எலும்பு ஏன் அப்படி வேகமாகக் கரைகிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்றார்கள். எலியில் பார்த்தது, மனிதரில் இன்னும் உறுதிசெய்யவேண்டும். ஆனால் என் தொழிலில் உள்ளவர்களுக்கு இது உடனே பிடிபடும். வரிசையை இடைநிறுத்தி வைத்திருந்தால் வேலைகள் காணாமல் போவதில்லை, சேர்ந்துகொண்டே இருக்கும். திறக்கும் நிமிடத்தில்தான் சேர்வர் விழும்.

காரணம் எதுவானாலும் கணக்குத் தெளிவாக இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வில், டெனோசுமாப் போட்டுக்கொண்டிருக்கும்போது 100 பேருக்கு வருடத்துக்கு 1.2 ஆக இருந்த முதுகெலும்பு முறிவு, நிறுத்தியபின் 7.1 ஆகக் கூடியது. மருந்தே போடாதவர்களின் அளவை அது ஏறக்குறைய எட்டிவிடுகிறது. ஆனால் நிறுத்தியபின் முறிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் சேர்ந்து முறிந்திருந்தன. அம்மாவுக்கு மூன்று. உங்கள் அம்மாவுக்கு இதனால்தான் முறிந்தது என்று நூறு வீதம் சொல்லமுடியாது, ஆனால் படம் அப்படியே பொருந்துகிறது என்றார் வைத்தியர். கடைசி ஊசியிலிருந்து ஒன்பதாவது மாதம்.

என் வேலையில் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாக முப்பது நாள் முதல், பதினாலு நாள் முதல், ஏழு நாள் முதல் என்று மூன்று எச்சரிக்கை வைத்திருப்பேன். ஒருதடவைகூடப் பிந்தியதில்லை.

இப்போது வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம். ஊசித் திகதி என் கலண்டரில், மனைவியின் கலண்டரில், சிட்னியில் இருக்கும் தங்கச்சியின் கலண்டரில். மருத்துவ நிலையத்தில் என் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்திருக்கிறோம். டிக்கட் எடுக்கமுதல் ஊசித் திகதியைப் பார்க்கிறோம். ஒரு ஊசியிலிருந்து அடுத்ததுக்கு 7 மாதத்தைத் தாண்டவே கூடாது என்பது பொதுவான அறிவுரை. போகமுதல் கொஞ்சம் முந்திப் போடலாமா, அங்கே ஒரு வைத்தியரிடம் போடலாமா என்பதை இங்கத்தைய வைத்தியரிடம் கேளுங்கள். கொண்டுபோவதென்றால் அது 2 முதல் 8 பாகைக் குளிரில் வைத்திருக்கவேண்டிய மருந்து, யாழ்ப்பாணத்து வெயிலில் கைப்பைக்குள் போட்டுத் திரிகிற சாமான் இல்லை. யாருக்காவது இதை நிறுத்துவதென்றாலும் சும்மா நிறுத்தக்கூடாது, வேறு எலும்பு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார்கள்.

பல் டொக்டரிடமும் சொல்லவேண்டும். இந்த மருந்து போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கியபின் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஒரு அரிய சிக்கல் உண்டு. அதற்காக ஊசியை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டு பேரையும் பேசவிடுங்கள். முரசு வீங்கிப் பல் ஆடுகிறதே, அதுவும் இதே ராங்க்-லிகண்ட் கதைதான். கிருமி முரசில், கரைவது தாடை எலும்பு. அம்மாவின் ஆடும் பல்லுக்கும் 'தேய்மானம்' என்றுதான் எங்கள் வீட்டில் பெயர். விட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்பேர்ண் குளிர்கால வெயிலும் எங்கள் தோல் நிறமும் சேர்ந்தால் அது குறையத்தான் செய்யும், அது குறைவாக இருக்கும்போது இந்த ஊசி போட்டால் இரத்தத்தில் கல்சியம் விழும்.

அம்மா இப்போது நடக்கிறார். ஊசி திரும்பத் தொடங்கியாயிற்று. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறிக்கும் வழக்கம் உண்டு. போன வருடம் மகள் அப்பம்மாவையும் பிடித்து நிறுத்திக் குறித்தாள். பழைய கோட்டுக்கு 3 சென்ரிமீற்றர் கீழே. மகளுக்கு அது பெரிய பகிடி. அம்மாவும் சிரித்தார்.

இந்த முறை நல்லூருக்குப் போகவேண்டும் என்று தை மாதமே தொடங்கிவிட்டார். ஊசித் திகதியைப் பார்த்தேன், கொடியேற்றத்துக்குப் பிறகுதான் வருகிறது. போட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"கொடியேற்றத்தை யூடியூப்பில பாக்கிறன். தேருக்கு நான் அங்க நிக்கவேணும். அதுக்கேத்த மாதிரி டிக்கட்டைப் போடு."

போட்டிருக்கிறேன். ஊசிக்கு மூன்றாம் நாள்.